டபிள்யூ அல்ல, ‘ல’: ஒரு செரோக்கி எழுத்து கணினிக்குள் இருக்கும் விதம்

அமெரிக்காவின் பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான செரோக்கி மக்கள் தங்கள் பெயரைத் தங்கள் எழுத்தில் எழுதினால் மூன்றே எழுத்துகள்தான். முதல் எழுத்து ‘ச’. அதன் ஒலி ‘ஜ’வுக்கும் ‘த்ஸ’வுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். அடுத்தது ‘ல’, கடைசியில் ‘கி’. சேர்த்துப் படித்தால் ‘சலகி’. ஆனால் ஆங்கில எழுத்துகள் மட்டும் பழகிய ஒருவர் அந்தச் சொல்லைப் பார்த்தால், ‘ஜி, டபிள்யூ, ஒய்’ என்று வாசித்துவிடுவார். உருவம் அப்படி.

நடுவில் நிற்கும் அந்த ‘ல’வைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. பார்த்தால் அச்சு அசலாக ஆங்கில டபிள்யூ. டபிள்யூ ஏற்கெனவே உலகத்தின் எல்லா விசைப்பலகைகளிலும் இருக்கிறது. அதையே தட்டிவிட்டுப் போகலாமே, இதற்கென்று கணினியில் தனியாக ஓர் இடம் எதற்கு? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொண்டால், எழுத்துகளைக் கணினியில் ஏற்றும் வேலை, அதாவது குறியேற்றம், முக்கால்வாசி புரிந்துவிடும்.

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். நாம் ஒரு விசையைத் தட்டினால் உள்ளே போவது ஓர் எண். திரையில் தெரியும் உருவத்தை எழுத்துரு என்கிற கோப்பு வரைந்து காட்டுகிறது. ஆங்கில டபிள்யூவின் எண் 87. கோப்பில் 87 என்று இருந்தால், ‘87-க்கு என்ன படம்?’ என்று கணினி எழுத்துருவிடம் கேட்கும்; எழுத்துரு படத்தை எடுத்து நீட்டும். சேமிப்பதும் தேடுவதும் வரிசைப்படுத்துவதும் எண்ணை வைத்துத்தான். படம் நம் கண்ணுக்காக.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. தமிழில் தட்டச்சுப் பழகிய மூத்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடிக்க வேண்டுமானால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்ட வேண்டும். கோப்புக்குள் உட்கார்ந்திருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். எழுத்துரு மட்டும் ஆங்கிலப் படங்களுக்குப் பதிலாகத் தமிழ்ப் படங்களைக் காட்டுகிறது. அந்தக் கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அம்மா காணாமல் போய்விடுவாள். எம்மும் கேயும் எச்சும் குப்பையாகக் கிடக்கும். செரோக்கிக்கும் இதேதான் நடந்தது. ஆங்கில எண்களின் மேல் செரோக்கிப் படங்களை ஒட்டிய எழுத்துருக்கள் புழங்கின. எழுத்துரு இருக்கும் இடத்தில் செரோக்கி. இல்லாத இடத்தில் உளறல்.

இதை ஒழிக்க வந்ததுதான் யூனிகோடு. உலகத்தில் எந்த எழுத்தாக இருந்தாலும் அதற்கென்று ஓர் எண். அந்த எண்ணை வேறு எந்த எழுத்துக்கும் தருவதில்லை, ஒருமுறை கொடுத்ததைத் திரும்ப வாங்குவதும் இல்லை. 0 முதல் 11,14,111 வரை எண்கள் இருப்பதால் இடப்பஞ்சம் கிடையாது. 1999 செப்டம்பரில் வெளிவந்த யூனிகோடு 3.0 பதிப்பில் செரோக்கி உள்ளே வந்தது. 85 எழுத்துகளுக்கு 5024 தொடங்கி 5108 வரை எண்கள். நம்முடைய ‘ல’வுக்குக் கிடைத்தது 5043.

ஆக, 87 என்பது டபிள்யூ. 5043 என்பது செரோக்கி ‘ல’. இரண்டுக்கும் ஒரே மாதிரி படம் வரையலாம், அதனால் இரண்டும் ஒன்றாகிவிடாது. இரட்டைக் குழந்தைகளை ஒரே பெயரில் பள்ளியில் சேர்க்க முடியுமா? டபிள்யூ ஆங்கில அகரவரிசையில் ‘வி’க்குப் பின்னால் நிற்க வேண்டிய எழுத்து. செரோக்கி ‘ல’ நிற்க வேண்டியது தன் குடும்பத்தோடு: 5043 ‘ல’, 5044 ‘லே’, 5045 ‘லி’, 5046 ‘லோ’, 5047 ‘லு’. இவர்களில் ‘லு’ பார்வைக்கு ஆங்கில எம் போல இருக்கும். உருவத்தை வைத்து எண் கொடுத்திருந்தால் ‘ல’வும் ‘லு’வும் ஆங்கில வரிசையில் ஆளுக்கொரு மூலையில் சிதறிப் போயிருக்கும். செரோக்கி அகராதி ஒன்றை வரிசைப்படுத்தச் சொன்னால் கணினி திணறியிருக்கும்.

சரி, உருவம் ஏன் ஆங்கிலம் போல இருக்கிறது? இங்கே கொஞ்சம் நின்று அந்த மனிதரைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். இந்த எழுத்துமுறையை உருவாக்கியவர் சீகுவோயா. வெள்ளி வேலை செய்தவர். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் வெள்ளையர்கள் தாளில் எதையோ கீறி அனுப்ப, தூரத்தில் இருக்கும் இன்னொருவர் அதைப் பேச்சாக மாற்றிவிடுவதைக் கண்டிருந்தார். நம் மொழிக்கும் அது முடியும் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் உழைத்தார். முதலில் சொல்லுக்கு ஒரு குறி என்று முயன்று, அது முடிவில்லாமல் நீளுவதைக் கண்டு விட்டுவிட்டு, பேச்சை அசை அசையாகப் பிரித்தார். 1821 வாக்கில் வேலை முடிந்தது. முதலில் கற்றுக்கொண்டவள் அவருடைய சின்ன மகள் அயோக்கா. 1825-இல் செரோக்கி நாடு, அதாவது அந்த மக்களின் சொந்த அரசு, அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், தனியாளாக, ஒரு மொழிக்கு முழு எழுத்துமுறை தந்தார் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அவர் கண்டிருந்த ஆங்கில அச்செழுத்துகளின் சாயல் சில எழுத்துகளில் விழுந்திருக்கிறது. ஒலிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆங்கில டி போல இருப்பது ‘அ’, ஆர் போல இருப்பது ‘எ’, எச் போல இருப்பது ‘மி’, நான்கு என்ற இலக்கம் போல இருப்பது ‘ஸே’. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சீகுவோயா கையால் எழுதிய வடிவங்கள் சுழிகளும் வளைவுகளுமாக வேறு மாதிரி இருந்தன. இன்று நாம் பார்ப்பவை அச்சுக்கு வந்தபோது அமைந்த வடிவங்கள். சாமுவேல் வூஸ்டர் என்ற பாதிரியாரின் உதவியோடு பாஸ்டனில் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டு, ஜார்ஜியாவில் இருந்த நியூ எச்சோட்டாவுக்கு வந்து சேர்ந்தன. 1828 பிப்ரவரி 21-ஆம் தேதி ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ செய்தித்தாளின் முதல் இதழ் வெளிவந்தது. எலியாஸ் பூடினோ ஆசிரியர். ஒரே தாளில் ஆங்கிலமும் செரோக்கியும்.

கணினிக்கும் இந்தக் கதைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சீகுவோயாவின் கையெழுத்து ‘ல’, 1828 இதழின் அச்சு ‘ல’, இன்றைய செல்பேசியின் ‘ல’ மூன்றுக்கும் எண் ஒன்றே: 5043. வடிவம் வேறு, எழுத்து ஒன்று. டபிள்யூவுக்கும் ‘ல’வுக்கும் இது நேர் எதிர், அங்கே வடிவம் ஒன்று, எழுத்து வேறு. யூனிகோடு எண் கொடுப்பது எழுத்துக்கு, வடிவத்துக்கு அல்ல. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றவை தானாக வரும்.

நியூ எச்சோட்டாவில் அந்த இதழ் 1834-இல் நின்றது. அடுத்த ஆண்டு ஜார்ஜியா மாநிலப் படையினர் அச்சகத்தையே கைப்பற்றினார்கள். 1838-39-இல் அமெரிக்க அரசு செரோக்கி மக்களைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டி, இன்றைய ஓக்லஹோமாவுக்கு நடக்க வைத்தது. வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். எழுத்து அவர்களோடு நடந்து போய்ச் சேர்ந்தது. இன்று செரோக்கி நாட்டின் தலைநகர் ஓக்லஹோமாவின் டாலக்குவா. சொந்த மண்ணை விட்டுப் போகாமல் தங்கிவிட்டவர்களின் வழிவந்தோர் வட கரோலைனாவில் இருக்கிறார்கள். ஒரு மொழியின் எழுத்துக்கு அழியாத எண் கிடைப்பதை நான் வெறும் தொழில்நுட்பச் செய்தியாகப் படிப்பதில்லை என்றால் காரணம் இதுதான்.

தமிழர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். ‘ல’வுக்கு ஓர் எண், ‘லி’க்கு ஓர் எண் என்று தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்களே, தமிழில் அப்படி இல்லையே? உண்மைதான். யூனிகோடில் ‘கி’ என்பது இரண்டு எண்கள்: ‘க’வுக்கு 2965, அதன் மேல் ஏறும் விசிறிக்கு 3007. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் எழுத்துரு சேர்த்து வரைந்து கொடுக்கும். அந்த ஏற்பாடு நமக்குச் சரிதானா என்று தமிழில் நீண்ட விவாதமே நடந்திருக்கிறது. அதற்குள் இப்போது போக வேண்டாம். செரோக்கியில் அந்த விவாதத்துக்கே இடமில்லை. அங்கே ‘க’வையும் ‘கி’யையும் ‘கோ’வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ‘கி’ ஆங்கில ஒய் மாதிரி, ‘கோ’ ஆங்கில ஏ மாதிரி, ‘க’ இரண்டையும் சாராத ஒரு சுழி. பொதுவான உறுப்பு எதுவும் கிடையாது. பிரித்து எடுக்க விசிறியும் இல்லை, காலும் இல்லை, கொம்பும் இல்லை. ஒவ்வோர் அசையும் தனி உருவம். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி எண். விதிவிலக்காகத் தனித்து நிற்கும் மெய் ஒன்று உண்டு, ‘ஸ்’. அதன் எண் 5069.

எண் பைட்டாகும் கணக்கு

5043 என்பது எழுத்தின் எண். ஆனால் கோப்பில் எழுதும்போது அதை அப்படியே எழுதிவிட முடியாது. கோப்புகளும் இணையமும் பைட் என்ற சிறு பெட்டிகளால் ஆனவை. ஒரு பெட்டிக்குள் 0 முதல் 255 வரைதான் கொள்ளும். 5043 அதற்குள் அடங்காது. பிரித்துத்தான் அனுப்ப வேண்டும். எப்படிப் பிரிப்பது என்பதற்கு உலகம் முழுக்க இன்று வழங்கும் முறை யூடிஎஃப்-8.

காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்கூடக் கணக்குதான். 5043-ஐ 4096 ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 947. அந்த 947-ஐ 64 ஆல் வகுத்தால் ஈவு 14, மீதி 51. ஆக நம் கையில் மூன்று எண்கள்: 1, 14, 51. முதல் எண்ணோடு 224 கூட்டுங்கள், 225. மற்ற இரண்டோடும் 128 கூட்டுங்கள், 142, 179. முடிந்தது. செரோக்கி ‘ல’ ஒரு கோப்பில் 225, 142, 179 என்று மூன்று பைட்டுகளாக உட்கார்ந்திருக்கும்.

224, 128 என்று எதையோ கூட்டினோமே, எதற்கு? படிக்கும் கணினிக்கு அடையாளம் சொல்லத்தான். 224 முதல் 239 வரையிலான ஒரு பைட்டைக் கண்டால், ‘இது மூன்று பைட் எழுத்தின் தலை, பின்னால் இன்னும் இரண்டு வருகின்றன’ என்று கணினி தெரிந்துகொள்ளும். 128 முதல் 191 வரை இருந்தால், ‘இது வால், தலை முன்னால் இருக்கிறது’ என்று புரிந்துகொள்ளும். ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினாலும் எஞ்சின் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுவது போல, கோப்பின் நடுவில் எங்கே குதித்தாலும் எழுத்து எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். 128-க்குக் கீழே இருந்தால் அது ஒற்றைப் பைட் எழுத்து. ஆங்கில டபிள்யூ 87 என்ற ஒரே பைட்டாகப் போவது இதனால்தான்.

நம்முடைய ‘க’வையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். 2965-ஐ 4096 ஆல் வகுத்தால் ஈவு 0. 64 ஆல் வகுத்தால் 46, மீதி 21. கிடைப்பது 224, 174, 149. செரோக்கியும் தமிழும் இந்த விஷயத்தில் ஒரே தெருக்காரர்கள், எழுத்துக்கு மூன்று பைட். ‘சலகி’ என்ற சொல் செரோக்கியில் ஒன்பது பைட்.

ஒரு கோப்பைத் திறக்கும்போது செரோக்கிக்குப் பதிலாகக் கூரைக்குறியும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாகத் தெரிந்தால், பைட்டுகள் கெட்டுப்போகவில்லை என்று அர்த்தம். யூடிஎஃப்-8 முறையில் எழுதிய மூன்று பைட்டை, பைட்டுக்கு ஓர் எழுத்து என்று நினைத்துக்கொண்டு நிரல் வாசித்திருக்கிறது, அவ்வளவுதான். வெறும் கட்டங்கள் தெரிந்தால் அது வேறு நோய்: எண் சரியாக வந்துவிட்டது, அந்த எண்ணுக்குப் படம் வரைந்து காட்டும் எழுத்துரு அந்தக் கருவியில் இல்லை. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் பாதித் தலைவலி போய்விடும். செரோக்கிக்கு இரண்டாவது நோய்தான் நெடுநாள் இருந்தது. 1999-இல் எண் கிடைத்தும், ஆப்பிள் தன் மேக் கணினியில் செரோக்கி எழுத்துருவைச் சேர்த்தது 2003-இல். ஐபோனில் செரோக்கி வந்தது 2010-இல். எண் கொடுப்பது முதல் படி மட்டுமே.

பெரிய ‘ல’, சின்ன ‘ல’

2015-இல் ஒரு திருப்பம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லை. செரோக்கியிலும் இல்லை என்று நினைத்துத்தான் 1999-இல் ஒரே ஒரு தொகுதிக்கு எண் கொடுத்தார்கள். ஆனால் பழைய செரோக்கி அச்சு நூல்களில், வாக்கியத் தொடக்கத்திலும் பெயர்களிலும் அதே எழுத்தைச் சற்றுப் பெரிதாக அச்சடிக்கும் வழக்கம் இருந்தது. உருவம் மாறாது, உயரம்தான் மாறும். அவற்றை அப்படியே கணினியில் ஏற்ற வேண்டுமானால் இரண்டு தொகுதி வேண்டும். எழுத்துக் குறியேற்ற வல்லுநர் மைக்கேல் எவர்சனும், 1975-இல் செரோக்கி–ஆங்கில அகராதி தந்த செரோக்கி மொழியியலாளர் டர்பின் ஃபீலிங்கும் சேர்ந்து முன்மொழிவு எழுதினார்கள். யூனிகோடு 8.0 பதிப்பில் அது நிறைவேறியது.

இப்போது சிக்கல். ஏற்கெனவே 1999 முதல் மக்கள் எழுதிக் குவித்தவை எல்லாம் பழைய எண்களில் இருக்கின்றன. பழைய எண்களை எதாகக் கருதுவது? பெரிய எழுத்து என்று முடிவு செய்தார்கள். சின்ன எழுத்துகளுக்குப் புதிய எண்கள். செரோக்கிக்கு ஒதுக்கிய பழைய பகுதியில் மொத்தமே 96 இடங்கள்; மிச்சமிருந்ததில் ஆறு சின்ன எழுத்துகளை வைத்தார்கள், மற்ற 80-க்கும் தொலைவில் வேறு பகுதி (85 எப்படி 86 ஆனது என்பது பின்னால் வரும்). சின்ன ‘ல’ போய் உட்கார்ந்த எண் 43907. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே 38,864 எண்கள் இடைவெளி.

ஆங்கிலத்தில் தேடும்போது பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்க்காமல் இருக்க, எல்லாவற்றையும் முதலில் சின்ன எழுத்தாக்கிவிட்டு ஒப்பிடுவது வழக்கம். கிரேக்கத்துக்கும் ரஷ்ய மொழிக்கும் அப்படியே. செரோக்கி மட்டும் தலைகீழ்: ஒப்பிடும்போது சின்ன எழுத்து பெரிய எழுத்தாக மாறும். அதற்குக் காரணம் யூனிகோடு முன்பே கொடுத்திருந்த ஒரு வாக்கு. ஒப்பிடுவதற்காக ஒருமுறை சமப்படுத்தி வைத்த உரை, எந்தப் புதிய பதிப்பிலும் மாறாது என்பது அந்த வாக்கு. 2015-க்கு முன் 5043-ஐச் சமப்படுத்தினால் 5043-தான் வரும். அப்படியே தரவுத்தளங்களில் சேமித்தும் வைத்தாகிவிட்டது. புதிய பதிப்பில் அது 43907 ஆக மாறினால், நேற்றுச் சேமித்த பெயர் இன்று தேடினால் கிடைக்காது. ஆகவே 5043 அசையாமல் நின்றது, 43907 அதனிடம் வந்தது. தம்பிதான் அண்ணனைப் பார்க்கப் போக வேண்டும்.

நிரல் எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். எழுத்தைச் சின்னதாக்கும் கட்டளையும், ஒப்பிடுவதற்காகச் சமப்படுத்தும் கட்டளையும் ஒன்றுதான் என்று ஆங்கிலத்தில் பழகிய கை நினைத்துக்கொள்ளும். செரோக்கியில் முதல் கட்டளை 5043-ஐ 43907 ஆக்கும், இரண்டாவது 43907-ஐ 5043 ஆக்கும். ஓர் இடத்தில் இதையும் இன்னோர் இடத்தில் அதையும் போட்டால், செரோக்கியில் பெயர் வைத்துக்கொண்ட பயனர் தன் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் போகலாம். சிறுபான்மை மொழிக்காரர்கள் சந்திக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, யாரும் சோதித்துப் பார்ப்பதும் இல்லை.

அதே பதிப்பில் இன்னோர் எழுத்தும் வந்தது. சீகுவோயாவின் எழுத்துகள் முதலில் 86. ஒன்று வழக்கொழிந்து 85 ஆயின. 1999-இல் அந்த 85-க்கு மட்டும் எண் கிடைத்தது. விடுபட்டது மகர வரிசையின் கடைசி எழுத்து, மூக்கொலி உயிரோடு சேர்ந்த ‘ம’. இன்று யாரும் அதை எழுதுவதில்லை. ஆனால் சீகுவோயாவின் முழுப் பட்டியலைக் கணினியில் எழுத வேண்டுமானால் அது வேண்டும். 2015-இல் அதற்கு 5109 கிடைத்தது. அது தன் மகர வரிசைக்குள் நிற்கவில்லை, எல்லாருக்கும் கடைசியில் நிற்கிறது. கொடுத்த எண்ணை மாற்றக் கூடாது என்பதால் நடுவில் யாரையும் நகர்த்தி இடம் கொடுக்க முடியாது.

ஒரே உருவம், இரண்டு எண் என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஆங்கில இணைய முகவரி ஒன்றில் டபிள்யூவை எடுத்துவிட்டு 5043-ஐச் செருகினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, முகவரி வேறாகிவிடும். ஏமாற்றுக்காரர்களுக்கு இது வசதி. இதற்காகவே ஒன்றையொன்று போலத் தோன்றும் எழுத்துகளின் பட்டியலை யூனிகோடு வெளியிடுகிறது. ஒரே சொல்லில் இரண்டு மொழி எழுத்துகள் கலந்திருந்தால் சந்தேகப்படும்படி மென்பொருள்களை எழுதுகிறார்கள். செரோக்கி எழுத்துகளையே தடுத்துவிடுவது சுலபமான வழி. அது நியாயமான வழி அல்ல. கலப்பைத் தடுக்கலாம், மொழியைத் தடுக்கக் கூடாது.

இதையெல்லாம் உங்கள் கருவியிலேயே பார்த்துவிடலாம். ஒரு வெற்று எச்டிஎம்எல் கோப்பில் (வலைப்பக்கங்களை எழுதும் கோப்பு) ஆம்பர்சண்ட் குறி (&), ஹேஷ் குறி (#), 5043, அரைப்புள்ளி என்று இடைவெளி இல்லாமல் எழுதி, உலாவியில் திறங்கள். ‘ல’ வரும். பக்கத்திலேயே அதே முறையில் 87-ஐயும் 43907-ஐயும் போடுங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே முகம், ஒன்று மட்டும் குள்ளம். இப்போது உலாவியின் தேடல் கட்டத்தில் விசைப்பலகையின் டபிள்யூவைத் தட்டித் தேடுங்கள். முதலாவதோ மூன்றாவதோ அகப்படக் கூடாது, 87 மட்டுமே அகப்பட வேண்டும். கடைசியாக 5109-ஐயும் 5117-ஐயும் போட்டுப் பாருங்கள். வழக்கொழிந்த அந்த எழுத்தின் பெரிய வடிவமும் சின்ன வடிவமும் அவை. கட்டம் தெரிந்தால் உங்கள் கருவியில் இருக்கும் செரோக்கி எழுத்துரு 2015-க்கு முந்தையதாக இருக்கலாம். எண் ஒழுங்காகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.